யுபிக்விட்டின் அழிவின் முத்திரை மட்டும்தானா?

கேள்வி இது: பழுதடைந்த புரதங்களை அழிவுக்கு அனுப்பும் முத்திரைதான் யுபிக்விட்டின் என்று பாடநூல் சொல்கிறது, ஆனால் டி.என்.ஏ. பழுதுநீக்கம், நோயெதிர்ப்பு, செல் பிரிதல், செல்சவ்வின் போக்குவரத்து என எதைப் படித்தாலும் அதே பெயர் வருகிறது. ஒரே சிறிய புரதம் இத்தனை வேலைகளை எப்படிச் செய்கிறது? சுமோ, நெட்8 போன்ற அதன் உறவினர்கள் எதற்காக?

பாடநூல் சொல்வது பொய்யல்ல, ஆனால் பாதிதான். யுபிக்விட்டினுக்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது. தமிழின் வேற்றுமை உருபை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ‘ஐ’, ‘ஆல்’, ‘இல்’ ஆகியவை தனியே நின்று எதையும் குறிப்பதில்லை. ஒரு பெயர்ச்சொல்லின் மேல் ஏறியதும், வாக்கியத்தின் மற்றச் சொற்களோடு அப்பெயருக்கு உள்ள உறவை மாற்றிவிடுகின்றன. யுபிக்விட்டினும் அப்படித்தான். ஒரு புரதத்தின் மேல் ஏறும்போது, அப்புரதம் செல்லில் யாரோடு சேரும், யாரை விட்டு விலகும், எங்கே போகும் என்பதை அது மாற்றுகிறது. அழிவு என்பது அந்த உறவுகளுள் ஒன்று. அழிக்கும் இயந்திரமான புரோட்டியசோமோடு ஏற்படும் உறவு அது.

முதலில் வேதியியலைப் பார்த்துவிடலாம். யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்களால் ஆன, இறுக்கமாக மடிந்த, வெப்பத்தையும் தாங்கும் புரதம். ஈஸ்ட்டின் யுபிக்விட்டினுக்கும் மனிதனுடையதற்கும் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பரிணாமத்தில் ஒரு புரதம் இவ்வளவு குறைவாக மாறியிருக்கிறதென்றால், அதன் மேற்பரப்பின் ஏறத்தாழ ஒவ்வோர் இடத்தையும் யாரோ ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்றுதான் பொருள். அதன் வால்முனையின் கடைசி அமினோ அமிலமான கிளைசின்-76, இலக்குப் புரதத்திலுள்ள லைசின் என்னும் ஓர் அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியோடு சகப்பிணைப்பால் இணைகிறது. இந்த இணைப்பைச் செய்ய மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. இ1 எனப்படும் முதல் நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு யுபிக்விட்டினைத் தூண்டித் தன்னுடைய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில் ஏற்றிக்கொள்கிறது; அதை இ2 வாங்கிக்கொள்கிறது; இ3 என்னும் லிகேஸ், சுமையோடு வந்த இ2-வையும் இலக்குப் புரதத்தையும் ஒருங்கே பிடித்து இணைப்பை நிறைவேற்றுகிறது. மனிதச் செல்லில் யுபிக்விட்டினுக்கான இ1 இரண்டுதான். இ2 ஏறத்தாழ நாற்பது. இ3 அறுநூறுக்கும் மேல். எந்தப் புரதம், எப்போது என்ற தேர்வு முழுவதும் இந்த அறுநூறின் கையில் இருக்கிறது. இ3 நொதிகளுள் ரிங் வகையினர் இரண்டு தரப்பையும் அருகில் கொண்டுவந்து நிறுத்துவதோடு சரி; ஹெக்ட் வகையினர் யுபிக்விட்டினை முதலில் தம்மேல் வாங்கிப் பிறகு கைமாற்றுகின்றனர். ஒட்டியதைக் கழற்றவும் ஏறத்தாழ நூறு நொதிகள் இருக்கின்றன. கழற்றும் நொதிகளை இரண்டாந்தரமாக எண்ணிவிடக் கூடாது. ஏற்றுவதும் இறக்குவதும் ஓயாமல் நடப்பதால்தான் இது ஒழுங்குமுறையாகிறது.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்த கதைக்கும் உங்கள் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. புரதத்தின் பெப்டைடு பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும். ஆகவே புரதத்தைச் சிதைக்கச் செல் ஆற்றலைச் செலவிட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் செல்லுக்குள் நடக்கும் புரதச் சிதைவுக்கு ஆற்றல் தேவைப்படுகிறது என்பது 1953-லேயே கல்லீரல் திசுவில் கவனிக்கப்பட்டது. இந்த முரணைப் பற்றிக்கொண்டு ஹைஃபாவின் டெக்னியான் நிறுவனத்தில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் ஆரோன் சீக்கனோவரும், பிலடெல்பியாவில் இர்வின் ரோஸும் ஆராய்ந்தனர். செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்கள் இல்லாத, முயலின் இளம் சிவப்பணுக்களிலிருந்து எடுத்த சாற்றை அவர்கள் இரண்டு பகுதிகளாகப் பிரித்தனர். தனித்தனியே எந்தப் பகுதியும் புரதத்தைச் சிதைக்கவில்லை, கலந்தபோது சிதைந்தது. முதற்பகுதியில் தேவைப்பட்டது வெப்பத்தைத் தாங்கும் ஒரு சிறு புரதம். அது சிதைவுக்குள்ளாகும் புரதத்தோடு சகப்பிணைப்பால், அதுவும் பல பிரதிகளாக, இணைகிறது என்று 1980-இல் காட்டினர். அதுதான் யுபிக்விட்டின் என்பதும் அதே ஆண்டு தெரியவந்தது. மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் யுபிக்விட்டின் இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டியிருப்பது அதற்கு முன்பே, 1977-இல், தெரிந்துவிட்டிருந்தது. ஒட்டியிருந்த இடம் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் எச்2ஏ புரதம். அந்த ஹிஸ்டோன் அதனால் அழிவதில்லை. ஒற்றை யுபிக்விட்டினைச் சுமந்தபடி, டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த தொகுப்பான குரோமாட்டினில் நீடிக்கிறது. அவ்விணைப்பு பெரும்பாலும் மரபணுக்களை அடக்கி வைப்பதோடு தொடர்புடையது என்பது பின்னர் விளங்கியது. ஆக, இயற்கையில் முதன்முதலில் பார்க்கப்பட்ட யுபிக்விட்டின் இணைப்பே அழிவின் முத்திரையாக இருக்கவில்லை. இதைப் பாடநூல்கள் சொல்லாமல் விடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி பலருக்கு எழுந்தே இருக்காது.

இனி சங்கிலிகளுக்கு வருவோம். யுபிக்விட்டினிலேயே ஏழு லைசின்கள் இருக்கின்றன. 6, 11, 27, 29, 33, 48, 63 என்னும் இடங்களில். இவற்றில் எதன்மேலும் அடுத்த யுபிக்விட்டின் ஏறலாம். தலைமுனையிலுள்ள மெத்தியோனினிலும் ஏறலாம். ‘மரத்திலிருந்து’ என்ற சொல்லில் ‘இல்’ மேல் ‘இருந்து’ ஏறிப் புதிய உறவு பிறப்பதைப் போல, எந்த இடத்தின் வழியாகச் சங்கிலி வளர்கிறது என்பதைப் பொறுத்து அதன் வடிவமும் பொருளும் மாறுகின்றன. லைசின்-48 வழியாக வளரும் சங்கிலி சுருண்டு கச்சிதமாக இருக்கும். புரோட்டியசோமின் வாயிலிலுள்ள ஏற்பிகள் அதை நன்கு பிடித்துக்கொள்ளும். லைசின்-63 வழியாகவும் மெத்தியோனின் வழியாகவும் வளர்பவை நீண்டு விரிந்திருக்கும். அவை பெரும்பாலும் வேறு புரதங்கள் வந்து கூடுவதற்கான மேடையாகப் பயன்படுகின்றன. லைசின்-11 சங்கிலிகள் செல் பிரிதலின்போது மிகுகின்றன. இவற்றைப் படிப்பவை, யுபிக்விட்டினைப் பற்றும் சிறு களங்களைக் கொண்ட புரதங்கள். இக்களங்கள் யுபிக்விட்டினைத் தனியே பற்றும் பிடி பெரும்பாலும் தளர்வானது. தளர்வாக இருப்பதால்தான் சங்கிலியின் நீளமும் வடிவமும் பொருட்படுகின்றன. ஒன்றைப் பற்ற இயலாத ஏற்பி, சரியான இடைவெளியில் இரண்டு மூன்று இருக்கும்போது உறுதியாகப் பற்றுகிறது.

அழிவையும் வெறும் துப்புரவுப் பணியாகக் கருதிவிடக் கூடாது. செல் பிரிதலை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் டிம் ஹன்ட் கடல்முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பிரிதலுக்கு முன்னும் படிப்படியாகச் சேர்ந்து, பிரியும் வேளையில் திடீரென மறையும் புரதங்களைக் கண்டார். சைக்ளின் என்று பெயர் வந்தது. அவற்றை மறையச் செய்வது யுபிக்விட்டின். ஏ.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பேரளவு இ3, குரோமோசோம்கள் அனைத்தும் கதிர் இழைகளோடு சரியாகப் பிணையும்வரை அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கடைசிக் குரோமோசோமும் பிணைந்ததும் தடை நீங்குகிறது. செக்யூரின் என்னும் காவற்புரதத்தின் மேல் யுபிக்விட்டின் ஏறி அது அழிகிறது. அதனால் விடுபட்ட செப்பரேஸ் என்னும் நொதி, உடன்பிறப்புக் குரோமாட்டிடுகளைக் கட்டியிருந்த வளையத்தை வெட்டுகிறது. இங்கே பழுதடைந்த புரதம் எதுவுமே இல்லை. முழு ஆரோக்கியத்தோடு வேலை செய்துகொண்டிருந்த புரதங்கள்தான் அழிக்கப்படுகின்றன. ஏன் அழிக்க வேண்டும், பாஸ்பேட் ஒன்றை ஏற்றி அடக்கி வைத்தால் போதாதா? பாஸ்பேட்டை அடுத்த நொடியே நீக்கிவிடலாம். அழிந்த புரதத்தைத் திரும்பப் பெற அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். பிரிந்த குரோமோசோம்களை மீண்டும் கட்ட முடியாத ஒரு நிகழ்வில், பின்வாங்க முடியாத ஒரு படி செல்லுக்குத் தேவை. புரதச் சிதைவுக்குச் செல் கொடுக்கும் ஏ.டி.பி. அந்தத் திசையையும் தேர்வையும் வாங்குவதற்கான விலை என்றே நான் கருதுகிறேன்.

பாஸ்பேட் ஏற்றம் யுபிக்விட்டினுக்குப் போட்டியல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது முன்னோடி. பல இ3 நொதிகள் இலக்கின் மேல் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் அதை அடையாளம் காண்கின்றன. ஆக்சிஜனை உணரும் வழியில் அந்த முன்னோடி இடத்தில் இருப்பது ஹைட்ராக்சில் தொகுதி. எச்.ஐ.எஃப்.-1 ஆல்ஃபா என்னும் புரதத்தின் இரண்டு புரோலின்களில், ஆக்சிஜன் இருக்கும்போது மட்டும், ஹைட்ராக்சில் ஏறுகிறது, ஏறியதை வி.எச்.எல். என்னும் இ3-பகுதி பற்றிக்கொள்ள, அப்புரதம் உருவான சில நிமிடங்களிலேயே அழிகிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஹைட்ராக்சில் ஏறாது. புரதம் தப்பிப் பிழைத்து, புதிய இரத்த நாளங்களுக்கும் சிவப்பணு உற்பத்திக்கும் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. இந்த வழியைத் துலக்கியவர்களுக்கு 2019-இல் மருத்துவ நோபல் வழங்கப்பட்டது.

ஒரே வழித்தடத்தில் யுபிக்விட்டினின் மூன்று வேறு பொருள்கள் அடுத்தடுத்து வருவதைக் காண வேண்டுமானால், அழற்சியை இயக்கும் என்.எஃப்.-கப்பா-பி. வழித்தடமே சிறந்த எடுத்துக்காட்டு. டி.என்.எஃப். என்னும் செய்தி மூலக்கூறு செல்லின் வெளிப்புற ஏற்பியில் வந்து படிந்ததும், உட்புறத்தில் லைசின்-63 சங்கிலிகளும் மெத்தியோனின் வழி வளரும் நேர்ச்சங்கிலிகளும் கட்டப்படுகின்றன. இவை யாரையும் அழிப்பதில்லை. பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதிகளை ஒரே இடத்தில் கூட்டி, அவை ஒன்றையொன்று தூண்ட வழிசெய்கின்றன. தூண்டப்பட்ட கைனேஸ், ஐ-கப்பா-பி. என்னும் தடுப்புப் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட்டைக் கண்ட வேறோர் இ3 அதன்மேல் லைசின்-48 சங்கிலியைக் கட்ட, தடுப்பு அழிகிறது, விடுபட்ட என்.எஃப்.-கப்பா-பி. உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகிறது. அவ்வாறு இயக்கப்படும் மரபணுக்களுள் ஒன்று ஏ20. இந்த மேடைகளைக் கலைக்கும் புரதம் அதிலிருந்துதான் உருவாகிறது. நேர்ச்சங்கிலிகளை மட்டும் வெட்டும் ஒட்டுலின் என்னும் நொதி பிறவியிலேயே பழுதாக இருக்கும் குழந்தைகளுக்கு, தொற்று எதுவும் இல்லாமலே கடுமையான அழற்சி நோய் ஏற்படுகிறது. ஒரு வகைச் சங்கிலியைக் கழற்ற ஆளில்லாமல் போனதன் விளைவு அது. கழற்றுவோரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று முன்பு சொன்னது இதனால்தான்.

டி.என்.ஏ. படியெடுத்தலில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்கிறது. பி.சி.என்.ஏ. என்னும் வளைய வடிவப் புரதம் டி.என்.ஏ.வைச் சுற்றி நின்று, படியெடுக்கும் நொதியைப் பிடித்து வைத்திருக்கிறது. புறஊதாக் கதிரால் சிதைந்த ஓர் இடத்தில் படியெடுப்பு திக்கி நின்றால், இவ்வளையத்தின் லைசின்-164 மேல் ஒரே ஒரு யுபிக்விட்டின் ஏறுகிறது. உடனே வேறு வகைப் படியெடுப்பு நொதிகள் வந்து சேர்கின்றன. அவை துல்லியம் குறைந்தவை, ஆனால் சிதைந்த எழுத்தைத் தாண்டிச் செல்லக்கூடியவை. அதே லைசினில் ஏறிய யுபிக்விட்டின் லைசின்-63 சங்கிலியாக நீண்டால் பொருள் வேறு: சிதைந்த இழையை விட்டுவிட்டு, புதிதாக உருவான மறு இழையை அச்சாகக் கொண்டு பிழையின்றித் தாண்டும் வழி திறக்கிறது. ஈஸ்ட்டில் அதே லைசின்-164 மேல் யுபிக்விட்டினுக்குப் பதிலாகச் சுமோ ஏறும்போது, எஸ்.ஆர்.எஸ்.2 என்னும் புரதம் வந்து தேவையற்ற மறுசேர்க்கையைத் தடுக்கிறது. புரதம் ஒன்று, லைசின் ஒன்று, உருபு மட்டும் வேறு. மூன்று விதமான வாக்கியங்கள். இவற்றில் எதிலும் பி.சி.என்.ஏ. அழிவதில்லை. 2002-இல் இது வெளியானபோது, யுபிக்விட்டினை அழிவோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இனி இடமில்லை என்று ஆகிவிட்டது.

செல்சவ்விலும் அழிவின் பாதை புரோட்டியசோமுக்குச் செல்வதில்லை. சவ்விலுள்ள ஏற்பிகள் மேல் ஒற்றை யுபிக்விட்டின்களோ குறுகிய லைசின்-63 சங்கிலிகளோ ஏறும்போது, அவை உள்ளே இழுக்கப்பட்டு லைசோசோமுக்கு அனுப்பப்படுகின்றன. சிறுநீரகத்தில் சோடியத்தை மீட்டெடுக்கும் வாயில் ஒன்று இவ்வாறுதான் அளவோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வாலில் நெட்4-2 என்னும் இ3 பற்றிக்கொள்ளும் சிறு பகுதி உண்டு. அப்பகுதி மரபுப் பிறழ்வால் கெட்டுவிட்டால் வாயில்கள் சவ்விலேயே தங்கிவிடுகின்றன, உப்பு உடலில் தேங்குகிறது, இளம் வயதிலேயே இரத்த அழுத்தம் உயர்கிறது. லிடில் நோய்க்குறி எனப்படுவது இதுதான். சோடியத்தைக் கடத்தும் வேலையில் அந்த வாயிலுக்கு ஒரு குறையும் இல்லை. அதை அகற்றும் முகவரி மட்டும் அழிந்துபோயிருக்கிறது.

உறவினர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யுபிக்விட்டினைப் போலவே மடிந்து, தத்தமக்கெனத் தனி இ1, இ2 நொதிகளைக் கொண்ட புரதங்கள் பல உள்ளன. சுமோ பெரும்பாலும் உட்கருவில் வேலை செய்கிறது. அதற்கு இ2 ஒன்றே ஒன்றுதான். புரதங்கள் கூட்டமாகச் சேர அது துணைபுரிகிறது, சில வேளைகளில் யுபிக்விட்டினையும் வரவழைக்கிறது. ஒரு வகை இரத்தப் புற்றுநோயை ஆர்செனிக் டிரைஆக்சைடு குணப்படுத்துவதன் பின்னணி இதுவே. நோய்க்குக் காரணமான பி.எம்.எல். கலப்புப் புரதத்தோடு ஆர்செனிக் இணைய, அதன்மேல் சுமோ ஏறுகிறது. சுமோவைப் படிக்கும் ஆர்.என்.எஃப்.4 என்னும் இ3 அதில் யுபிக்விட்டினை ஏற்ற, புரதம் அழிகிறது. நெட்8-இன் முதன்மை இலக்கு கல்லின் குடும்பம். அதாவது யுபிக்விட்டினை ஏற்றும் இ3 நொதிகளின் மிகப் பெரிய குழுவை இயக்கி வைப்பதே அதன் வேலை. ஐ.எஸ்.ஜி.15 இன்டர்பெரானால் தூண்டப்பட்டு வைரஸ் எதிர்ப்பில் பங்கேற்கிறது. ஏ.டி.ஜி.8 குடும்பம் எல்லாவற்றிலும் விநோதமானது: அது இணைவது புரதத்தோடு அல்ல, சவ்வின் கொழுப்பு மூலக்கூறோடு. செல் தன் பகுதிகளையே விழுங்கிச் செரிக்கும் தன்விழுங்கலில் உருவாகும் சவ்வுப்பை இதைத் தாங்கியபடிதான் வளர்கிறது. இத்துறைக்கு வழிதிறந்த யோஷினோரி ஒசுமி 2016-இல் நோபல் பெற்றார்.

யுபிக்விட்டின் மேலேயே பாஸ்பேட் ஏறுவதும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்து அதன் சவ்வு மின்னழுத்தம் குறையும்போது, பிங்க்1 என்னும் கைனேஸ் அதன் வெளிச்சவ்வில் தேங்கி, யுபிக்விட்டினின் செரின்-65 மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய யுபிக்விட்டின் பார்க்கின் என்னும் இ3-ஐ இழுத்துத் தூண்டுகிறது. பார்க்கின் மேலும் யுபிக்விட்டினை ஏற்ற, பிங்க்1 அதன்மேலும் பாஸ்பேட்டை வைக்க, சில பத்து நிமிடங்களில் மைட்டோகாண்ட்ரியா முழுவதும் போர்த்தப்பட்டுத் தன்விழுங்கலுக்குச் செல்கிறது. இவ்விரு மரபணுக்களின் பிறழ்வுகள் இளம் வயதில் வரும் பார்க்கின்சன் நோய்க்குக் காரணமாகின்றன.

மருத்துவம் இந்த அமைப்பை முதலில் மொத்தமாகத் தடுத்துப் பார்த்தது. புரோட்டியசோமை அடைக்கும் போர்ட்டிசோமிப், பல்மைலோமா என்னும் புற்றுநோய்க்கு 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; ஓயாமல் எதிர்ப்புரதங்களைச் சுரக்கும் அச்செல்களால் சிதைவின் தடையைத் தாங்க முடிவதில்லை. இன்றைய முயற்சி இதற்கு நேர்மாறானது; சிதைவைத் தடுக்காமல், விரும்பிய புரதத்தின் பக்கம் அதைத் திருப்புகிறது. கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைக் குலைத்த தாலிடோமைடு, செரப்ளான் என்னும் இ3-பகுதியில் போய் இணைகிறது என்று 2010-இல் தெரிந்தது. இணைந்ததும் செரப்ளானின் தேர்வு மாறி, வழக்கமாக அது தொடாத புரதங்களின் மேல் யுபிக்விட்டின் ஏறுகிறது. அம்மருந்தின் உறவினரான லெனலிடோமைடு பல்மைலோமாவில் பயன்படுவதும் இதே செயலால்தான். ஒரு முனை இ3-ஐயும் மறுமுனை இலக்கையும் பற்றும் செயற்கை மூலக்கூறுகளை வடிவமைக்கலாம் என்பது 2001-இலேயே காட்டப்பட்டது. புரோட்டாக் எனப்படும் இவை, வேலையை முடித்ததும் விடுபட்டு அடுத்த மூலக்கூற்றைப் பற்றுவதால், இலக்கின் அளவுக்கு மருந்தின் அளவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நீங்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவராகத் தெரிவதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ‘இந்தப் புரதத்தில் யுபிக்விட்டின் ஏறுகிறது’ என்று ஒரு கட்டுரை சொன்னால், அது எந்த லைசினில், எந்தச் சங்கிலியாக என்று தேடுங்கள். புரோட்டியசோமைத் தடுத்தபோது அப்புரதம் தேங்கியதா என்று பாருங்கள். தேங்கவில்லையென்றால் அந்த உருபின் பொருள் பெரும்பாலும் அழிவு அல்ல, லைசோசோம் வழி இருக்கிறதா என்பதையும் அவர்கள் சோதித்திருக்க வேண்டும். இணைப்பு இடங்களை ஆயிரக்கணக்கில் பட்டியலிடும் நிறை நிறமாலைத் தரவுகளிலும் ஓர் எச்சரிக்கை தேவை. புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்னும் நொதியால் வெட்டியபின் லைசினில் எஞ்சியிருக்கும் இரண்டு கிளைசின்களைக் கொண்டுதான் அவை யுபிக்விட்டினை அடையாளம் காண்கின்றன, நெட்8-உம் ஐ.எஸ்.ஜி.15-உம் அதே இரண்டு கிளைசின்களைத்தான் விட்டுச்செல்கின்றன.